மண்டபத்துச் சாவி

ஜூன் 3, 2025, செவ்வாய்

மூன்று மணிக்குப் போனால் புலமைப்பரிசில் பரீட்சை வகுப்புக்கு வந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினாறு பேர் வாசலில் நிற்கிறார்கள், கோயில் மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. சாவி கோயில் தலைவரிடம். அவர் தலவாக்கலை டவுனில். படிக்கட்டிலேயே உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னோம். நாலு மணிக்கு மழை பிடித்தது, கலைந்தோம்.

இந்த வகுப்பைத் தொடங்கப் போன வாரம் போட்ட கூட்டத்தில் எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். கோயில் கமிட்டி மண்டபம் தரும், டவுன் பேக்கரிக்காரர் பணிஸ் தருவார், கொழும்பில் கடைகளில் நிற்கும் நம் தேயிலைத் தோட்டத்துப் பொடியன்கள் போட்டோ கொப்பிக்குக் காசு அனுப்புவார்கள். ஓய்வுபெற்ற சேர் ஒருவர் கணிதத்துக்கு. மற்றதெல்லாம் நான். சாவியைப் பற்றித்தான் ஒருவரும் பேசவில்லை.

ஜூன் 5, வியாழன்

இன்னொரு சாவி வெட்டியாச்சு. இனி என்னிடம் ஒன்று.

பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுகிறது. கொழுந்து பறிக்கும் அம்மாமார் மலையிலிருந்து இறங்க ஐந்தாகும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா. அதற்குள்ளேயே டிவி, அடுப்புப் புகை, தாத்தாவின் இருமல். "வீட்டில் இருந்து படி" என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. நானும் அப்படிப் படித்தவள்தான். உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா என்று சொல்லும் வெட்டுப்புள்ளிக்குக் காத்திருக்கிறேன். அதுவரைக்கும் இது.

ஜூன் 19, வியாழன்

பெருக்கல் கணக்கு. ஒரு நாள் சம்பளம் 1,350 ரூபாய், ஆறு நாளுக்கு எவ்வளவு என்று பலகையில் எழுதினேன். எழுதி முடிக்கவில்லை, பின்வரிசையிலிருந்து ஒருவன்:

"மழைக்கு ஒரு நாள் அரைப்பேர் போட்டாங்கன்னா, மிஸ்?"

அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். தசமம் இன்னும் சரியாகப் பிடிபடாத பொடியன். 7,425 என்று அவனே சொன்னான். எப்படி என்று கேட்டேன். அஞ்சு நாளுக்கு 6,750, அதோட 675. வீட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரி நடக்கிற கணக்காம். சேர் சிரித்துக்கொண்டே, "இது பாடத்திட்டத்தில இல்லையே" என்றார். புலமைப்பரிசில் முதலாம் தாளில் 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். அரைப்பேர் அதில் வராதுதான்.

ஜூலை 2, புதன்

மூன்று நாளாகப் பணிஸ் இல்லை. பேக்கரியில் ஏதோ பிரச்சினை. இன்று ஒன்பது பேர். பிள்ளைகள் பணிஸுக்குத்தான் வருகிறார்கள் என்று சேருக்கு வருத்தம். வரட்டுமே. காலையில் தின்ற ரொட்டியோடு நாலு மணிவரை எனக்கும் பின்னம் ஏறாது.

அம்மா பெரிய பானையில் சாயத்தண்ணி (பால் ஊற்றாத தேநீர்) வைத்துத் தந்தார்.

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி, மண்டபம் பூசைக்கு. பரீட்சைக்கு மூன்று வாரந்தான் இருக்கிறது. தலைவரிடம் கேட்டதற்கு, "அம்மனுக்குப் பிறகுதானே பிள்ளை மத்ததெல்லாம்" என்றார். கோபம் வந்தது. ஆனால் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்துக்குப் பொறுப்பான அக்காவிடம் அவரே பேசி, அங்கே இடம் வாங்கித் தந்தார். கைக்குழந்தைகளின் நாற்காலியில் ஐந்தாம் வகுப்பு உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கிறது. அங்கே ஒரு குழந்தை எழும்பி அழ, எங்கள் பிள்ளைகள் எல்லாரும் தாலாட்டுப் பாட... சரி, இன்றைக்கு அவ்வளவுதான்.

பூசை முடிந்து சுண்டல் வந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று நள்ளிரவுக்குப் பிறகு இந்தப் பரீட்சைக்கு வகுப்பு நடத்தக் கூடாது. பரீட்சைத் திணைக்கள உத்தரவு. பென்சில் சீவித் தந்தோம், ஞாயிறு காலை பரீட்சைக்கு எத்தனை மணிக்கு, யாருடைய ஓட்டோவில் என்று பேசி முடித்தோம். பிள்ளைகள் சத்தமில்லாமல் போனார்கள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மூன்று மணிக்கு வாசலில் ஆறு பேர்.

"வகுப்பு இல்லன்னு சொன்னேனே."

"படிக்க மாட்டோம் மிஸ். சும்மா உள்ள இருந்துட்டுப் போறோம்."

மழை வேறு. சாவியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.