சேசிஸ் நம்பர் கைக்கு வராமல் பாக்கிப் பணத்தைக் கட்டாதீர்கள்

கார் வீட்டுக்கு வந்துவிட்டது, நன்றாகவும் ஓடுகிறது. ஆனாலும் கடலூரில் அந்த ஷோரூம் வழியாகப் போகும்போதெல்லாம் இன்னும் வயிறு எரிகிறது. விஜயதசமிக்கு டெலிவரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் எங்களைப் படுத்திய பாட்டை இங்கே எழுதுகிறேன். பண்டிகை நேரத்தில் வண்டி எடுக்கப் போகிறவர்களுக்கு உதவும்.

2025 ஆகஸ்டில் புக்கிங் போட்டோம். நாலு மீட்டருக்குள் அடங்கும் பெட்ரோல் கார், அப்போது எக்ஸ்-ஷோரூம் விலை (சாலை வரி, இன்சூரன்ஸ் சேராமல்) 10.40 லட்சம். டெஸ்ட் டிரைவ், லோன் எல்லாம் சிரமமில்லாமல் முடிந்தன. செப்டம்பர் 3-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் வரிக் குறைப்பை அறிவித்தது. 1200 சி.சி.க்கு உட்பட்ட சின்ன பெட்ரோல் கார்களுக்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்தது, 22-ஆம் தேதியிலிருந்து 18 சதவீதம். உடனே ஷோரூமிலிருந்து போன்: "சார், இப்பவே பில் போட்டுடலாம், முப்பதாயிரம் தள்ளுபடி வாங்கித் தர்றேன்." பழைய வரியில் எடுத்த ஸ்டாக்கை அதற்குள் விற்றுவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு, இல்லாவிட்டால் கட்டிய செஸ்ஸைக் கழிக்க வழியில்லாமல் போய்விடும். அவர்கள் கஷ்டம் புரிந்தது. அதற்காக வரிக் குறைப்பால் மிச்சமாகும் எண்பது, தொண்ணூறாயிரம் ரூபாயை நான் விட முடியுமா? மகாளய பட்சத்தில் வண்டி எடுக்கவே கூடாது என்று அம்மாவும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 22-க்கு அப்புறம்தான் பில் என்று முடித்துக்கொண்டேன்.

புது கொட்டேஷன் வந்தது. எக்ஸ்-ஷோரூம் 9.51 லட்சம், அது சரி. கீழே சாலை வரியைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். விலை பத்துக்குக் கீழே இறங்கிவிட்டதால் வரியும் 13-க்கு இறங்கியிருக்க வேண்டும். இவர்களோ 18-லேயே கணக்குப் போட்டிருந்தார்கள். 47,500 ரூபாய் கூடுதல்! பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு மட்டும் பிடிக்க வேண்டிய 1 சதவீத டி.சி.எஸ்.ஸும் (விற்பவர் வாங்குபவரிடம் பிடிக்கும் வருமான வரி) அப்படியே இருந்தது. கேட்டால் அக்கவுண்ட்ஸில் இருந்த பெண், "சிஸ்டத்துல அப்படித்தான் வருது சார். கட்டிடுங்க, அதிகமா இருந்தா அப்புறம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார். எங்கே, எப்போது அட்ஜஸ்ட் பண்ணுவார்கள் என்று எழுதித் தரச் சொன்னேன். தரவில்லை. மேனேஜர் வரும்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் வந்து பார்த்த பிறகு புதுத் தாள் அச்சாகி வந்தது. 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று தனியாகப் போட்டிருந்த தொகையையும் அதே சூட்டில் எடுக்க வைத்தேன். சட்டப்படி அதைக் கட்ட வேண்டியதே இல்லை. இன்சூரன்ஸையும் எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். வெளியே ஒரு விலை வாங்கிக் காட்டுங்கள், தானாக இறங்கி வருவார்கள். ஒப்பிடும்போது ஐ.டி.வி. (இன்சூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பு) இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். வண்டி விஷயத்தில் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்களுக்கு ஒதுக்கிய வண்டியின் சேசிஸ் நம்பரை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணைக் கேட்டால் நாளை, நாளை என்று இழுத்தார்கள். பாக்கிப் பணம் ஏறினால்தான் நம்பர் தருவோம் என்றுகூடச் சொன்னார்கள். பார்க்காத வண்டிக்குப் பணம் தர மாட்டேன் என்று நானும் பிடிவாதமாக இருந்தேன். கடைசியில் வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டுக்கு வரச் சொன்னார்கள். நெல்லிக்குப்பத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் மச்சானை அழைத்துக்கொண்டு, நல்ல வெயில் இருக்கும்போதே போனேன். சாயங்காலம் வரச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ட்யூப்லைட் வெளிச்சத்தில் பெயிண்டில் ஒன்றும் தெரியாது.

"ஆகஸ்ட் மாசத்து வண்டி, ஃப்ரெஷ் ஸ்டாக்" என்றார் ஷோரூமிலிருந்து கூட வந்த தம்பி. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நாலு டயரிலும் 5124. அதாவது 2024 டிசம்பர் டயர். வண்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் தயாரிப்பு மாதம் 2025 ஜனவரி. சேசிஸ் நம்பரின் பத்தாவது எழுத்து S, அது 2025-ஐக் குறிக்கும், ஆனால் அதை வைத்து மாதத்தைப் பிடிக்க முடியவில்லை. எட்டு மாதத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டி!

அதற்குள் மச்சான் இடது பின்கதவுப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். ரப்பர் பீடிங்கை விரலால் விலக்கிக் காட்டினார். ஓரத்தில் பெயிண்ட் தெளித்த துகள் அப்படியே ஒட்டியிருந்தது. "இது கம்பெனி பெயிண்ட் இல்ல மாமா, இங்க எங்கயோ இடிச்சு அடிச்சிருக்காங்க" என்றார். தம்பிக்கு முகம் மாறிவிட்டது. மேனேஜரோ, "சின்ன டச்-அப் சார், பாலிஷ் போட்டா ஒண்ணும் தெரியாது" என்றார். வேறு வண்டி கேட்டதற்கு தீபாவளி வரை இல்லை என்று கைவிரித்தார்.

பணம் மட்டும் ஏறியிருந்தால், வண்டி என் பெயரில் பதிவாகியிருந்தால், அந்தக் கதவோடுதான் நான் காலம் தள்ளியிருக்க வேண்டும். பதிவான வண்டியைத் திருப்பிக் கொடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அன்றிரவே டயர், ஸ்டிக்கர், பீடிங் படங்களோடு கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் போட்டேன், ஷோரூமுக்கும் ஒரு பிரதி. இல்லை என்றார்களே, அதே நிறத்தில் செப்டம்பர் மாத வண்டி ஒன்று விழுப்புரம் கிளையிலிருந்து வந்து நின்றது. மச்சான் சுற்றிச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டிய பிறகே பணத்தை அனுப்பினேன்.

ஆயுதபூஜை அக்டோபர் 1, மறுநாள் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும். இரண்டு நாளும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் விடுமுறை. இந்த இழுபறியால் பதிவு செப்டம்பர் 30-க்குத் தள்ளிப்போனது. நல்லவேளை, விண்ணப்பத்தை அனுப்புமுன் திரையைக் காட்டச் சொன்னேன். மொபைல் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஏஜென்ட் எண். ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் போயிருக்கும். கதவு எண்ணும் தப்பு. இப்போது ஆர்.சி. தபாலில்தான் வருகிறது, முகவரி பிசகினால் அது திரும்பிப் போய்விடும். இரண்டையும் திருத்த வைத்தேன்.

விஜயதசமி அன்று காலையில் பூமாலை, எலுமிச்சம்பழத்தோடு குடும்பமாகப் போய் நின்றால் நம்பர் பிளேட் வரவில்லை. "ஓட்டிட்டுப் போங்க சார், யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்கள். 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை மாட்டித் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. மஞ்சக்குப்பம் சிக்னலில் போலீஸ் நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியவன் நான். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததுதான் இந்த அலைச்சலிலேயே எனக்குப் பெரிய வேதனை. நாள் பார்த்து எடுக்க நினைப்பவர்கள் பதிவை அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

பிளேட் அடுத்த வாரம் வந்தது. ஆனால் நீட்டிய டெலிவரி தாளில் தேதி அக்டோபர் 2! வாரண்டி டெலிவரி நாளிலிருந்து ஓடுவது. தேதியை அடித்து உண்மையான தேதியை எழுதி, பக்கத்தில் மேனேஜரையும் கையெழுத்துப் போட வைத்தேன். ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டாவது சாவி எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு நேராகப் பாடலீஸ்வரர் கோயிலுக்கு ஓட்டிப்போய்ப் பூசை போட்டோம்.