பிராக்கெட்டைப் பல்லில் ஒட்டும் பசைகள்: ஓர் ஒப்பீடு

பல்லுக்குக் கிளிப் போடும்போது ஒட்டப்படும் ஒவ்வொரு பிராக்கெட்டும் (கம்பியைப் பிடித்துக்கொள்ளும் சிறு துண்டு), சிகிச்சை நடக்கும் ஒன்றரை இரண்டு ஆண்டுகளுக்கு மெல்லும் விசையையும் கம்பியின் இழுப்பையும் தாங்க வேண்டும்; சிகிச்சை முடிந்ததும் பல்லின் கடினமான வெளியடுக்கான எனாமலைப் பெயர்க்காமல் கழன்று வரவும் வேண்டும். பல் அடைக்கும் பொருள்களுக்கு இல்லாத இந்த இரண்டாவது நிபந்தனையை மறந்துவிட்டு, எது அதிக வலிமையுடன் ஒட்டுகிறது என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்விதான்.

1955இல் மைக்கேல் பூனகோர், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கினால் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் பொருள் அதில் நன்கு பற்றுகிறது என்று காட்டினார். இன்றைய ஒட்டுமுறைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே அடிப்படை.

பரவலாகப் பயன்படுவது, ட்ரான்ஸ்பாண்ட் எக்ஸ்டி போன்ற, ஒளியால் இறுகும் காம்போசிட் ரெசின் (நுண்துகள்கள் கலந்த பிசின்). 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவி, பல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும்வரை உலர்த்தி, பசைக்கு முன் பூசும் நீர்த்த பிசினான பிரைமரைத் தடவினால், அது எனாமலின் நுண்துளைகளுக்குள் இறங்கி இறுகுகிறது. நீல ஒளி பாயும்வரை பசை பெரும்பாலும் இளகியே இருப்பதால் பிராக்கெட்டை நிதானமாக நகர்த்திச் சரிசெய்யலாம். ஒளியின்றித் தானே இறுகும் பழைய ரெசின்களில் அந்த அவகாசம் கிடையாது. ஆனால் உலர்த்திய பரப்பில் ஒரு கணம் எச்சில் பட்டாலும் வழக்கமான பிரைமர் சரியாகப் பற்றாது. மீண்டும் அமிலத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஃபூஜி ஆர்த்தோ எல்சி போன்ற, ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர் (கண்ணாடித் தூளும் அமிலமும் சேர்ந்து இறுகும் பசை) இங்கேதான் உதவுகிறது. அதற்குப் பல் சற்று ஈரமாக இருப்பதே நல்லது. எனாமலின் கால்சியத்துடன் அது வேதிப் பிணைப்பும் கொள்கிறது. புளோரைடையும் வெளியிடுவதால் பிராக்கெட்டைச் சுற்றி வரும், சொத்தையின் தொடக்கமான வெண்புள்ளிகளைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த வெளியீடு முதல் சில நாள்களில் மிகுந்து பிறகு வெகுவாகக் குறைந்துவிடுவதால், ஒழுங்காகப் பல் துலக்காத நோயாளியை இந்தப் பசை காப்பாற்றிவிடும் என்று நான் நம்புவதில்லை. ஆய்வகச் சோதனைகளில் இதன் வலிமை பொதுவாகக் காம்போசிட்டைவிடக் குறைவு.

அந்தச் சோதனைகளையும் கொஞ்சம் ஐயத்துடன் பார்க்க வேண்டும். சிகிச்சைக்கு இடம் வேண்டிப் பிடுங்கிய முன்கடைவாய்ப் பற்களில் பிராக்கெட்டை ஒட்டி, இயந்திரத்தின் கத்திமுனை சீரான வேகத்தில் அதைத் தள்ளும்போது எந்த விசையில் பெயர்கிறது என்று அளக்கிறார்கள். (மாதிரிப் பற்களையும் இந்தத் துறையே தந்துவிடுகிறது!) வாயிலோ, முறுக்கும் அசைவும் சூடான காபியும் குளிர்ந்த நீரும் மாறி மாறி வந்து பசையைக் களைப்படையச் செய்கின்றன. ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1975இல் போதுமான ஒட்டு வலிமையாகக் குறிப்பிட்ட 5.9 முதல் 7.8 மெகாபாஸ்கல் (பரப்பளவுக்கு எவ்வளவு விசை என்பதன் அலகு) என்ற வரம்பு இன்றும் ஆய்வேடுகள்தோறும் மேற்கோளாக வருகிறது. அந்த வரம்பைத் தாண்டிய இரண்டு பசைகளுள் கூடுதல் எண்ணைப் பெற்றதே சிறந்தது என்று சொல்லிவிட முடியாது.

எங்கே பிளவு விழுகிறது என்பதே எனக்கு முக்கியம். ஆர்டுன், பெர்க்லண்ட் இருவரும் 1984இல் வகுத்த குறியீட்டில், பசை சிறிதும் பல்லில் தங்கவில்லை என்றால் 0, முழுவதும் பல்லிலேயே தங்கி, பிராக்கெட்டின் அடியிலுள்ள வலையின் (அடிவலை) அச்சும் தெரிந்தால் 3. சிகிச்சை முடிவில் கழற்றும்போது 3 வந்தால், மிச்சப் பசையை டங்ஸ்டன் கார்பைடு பர்ரால் (சுழலும் சிறு வெட்டுமுனை) சுரண்ட நேரமாகும், ஆனாலும் எனாமல் பிழைக்கும். 0 வந்தால் வேலை சுலபம், எனாமலுக்கோ ஆபத்து. வளையாத பீங்கான் பிராக்கெட்டுகளில் இந்தக் கவலை இன்னும் கூடுதல்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதால், அங்கு வளர்ந்தோரிடம் புளோரோசிஸ் (மிகுந்த புளோரைடால் எனாமலில் ஏற்படும் கறையும் குறைபாடும்) கண்ட பற்களைக் காணலாம். அவற்றின் மேலடுக்கு அமிலத்துக்கு எளிதில் இளகாது என்பதால், எந்தப் பசை என்று யோசிப்பதற்கு முன் அமிலத்தைக் கூடுதல் நேரம் வைப்பதா, மேற்பரப்பை மெல்லத் தேய்த்து நீக்குவதா என்று முடிவுசெய்ய வேண்டும்.

மற்றபடி, முன்பற்களுக்குக் காம்போசிட், எச்சில் தேங்கும் கீழ்க் கடைவாய்ப் பற்களுக்குக் கிளாஸ் அயனோமர் என்பது என் வழக்கம். இடையில் பிராக்கெட் கழன்றால் தூக்கி எறியாமல் கொண்டுவரச் சொல்கிறேன். அடிவலையில் பசை முழுதாக ஒட்டியிருந்தால் பிழை பெரும்பாலும் பல்லின் பக்கம்: எச்சில் பட்டிருக்கும், அல்லது அமிலம் சரியாக வேலை செய்திருக்காது. வலை வெறுமையாக இருந்தால், ஒளி போதாமல் போனதா, பசை இறுகும்போது பிராக்கெட் அசைந்ததா என்று பார்க்க வேண்டும்.