எரிந்துபோன 12 அங்குல ஸ்பீக்கருக்குப் புதுக் கொயில்

வைகாசிச் சடங்கின் மூன்றாம் இரவு. கண்ணகியம்மன் கோயில் முற்றத்தில் காவியம் பாடிக்கொண்டிருந்தபோது, மாமா வாடகைக்குக் கட்டும் இரண்டு பெட்டிகளில் ஒன்று 'டும்' என்று ஒரு தடவை உதைத்துவிட்டு ஊமையாகிவிட்டது. கிட்டப் போனால் வார்னிஷ் கருகிய மணம். மற்றப் பெட்டியை வைத்து விடியும்வரை சமாளித்தார்கள். காலையில் மாமா அதை மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கினார். "மறுகா புதுசு வாங்கலாம் மருமகன், முதல்ல இதத் திறந்து பாரு" என்றார். சின்ன வயதில் நான் வயர் சுற்றப் பழகியது அந்தப் பெட்டியோடுதான். எறிய மனம் வரவில்லை.

8 ஓம் ஸ்பீக்கரை மீற்றரில் வைத்தால் 6 ஓமுக்குக் கிட்டக் காட்ட வேண்டும். இது ஒன்றுமே காட்டவில்லை. சத்தம் எழுப்பும் கூம்பான கோனை இரண்டு கையாலும் மெதுவாக அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. கோனின் அடியில் ஒட்டியிருக்கும் கம்பிச் சுருளான கொயில் வீங்கிக் காந்த இடுக்கில் இறுகிப்போயிருந்தது. ஆனால் கோனில் கிழிசல் இல்லை, துணி விளிம்பும், உள்ளே கொயிலைத் தாங்கும் நெளிவான வளையமான ஸ்பைடரும் நல்ல நிலை. அதனால் கொயிலை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

நடுத்தொப்பியைப் பிளேட்டால் சுற்றி வெட்டி எடுத்தேன். விளிம்புப் பசையில் தின்னரைத் துளித் துளியாக விட்டு, ஊறவிட்டு, கத்தி முனையால் நெம்ப வேண்டும். ஒரு முழுச் சனிக்கிழமை இதற்கே போனது. அவசரப்பட்டால் கோன் கிழியும். பழைய கொயிலைப் பிரிப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: ஸ்பைடர் ஒட்டிய இடத்திலிருந்து கம்பிச் சுற்று எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளந்து எழுதிவைக்க வேண்டும். கம்பிச் சுற்றின் நடுப்பகுதி காந்தத்தின் மேல்தட்டுக்கு நேராக நிற்காவிட்டால், கோன் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஆடும். சத்தம் கூட்டும்போது அது அடைத்த குரலாகக் கேட்கும்.

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. எங்கள் ஊரில் இரும்புக்கு ஓய்வே இல்லை. இடுக்குக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால் துருத்தூளும் கருகிய துணுக்குகளும் காந்தத்தோடு ஒட்டிக் கிடந்தன. ஊதினால் போகாது. மாஸ்கிங் ரேப்பைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி மடித்து, இடுக்கில் விட்டு விட்டு எடுத்தேன். ரேப் சுத்தமாக வெளியே வரும்வரை ஏறத்தாழ முப்பது தடவை.

அப்புறம்தான் உண்மையான சோதனை. புதுக் கொயில் 2 அங்குல விட்டம், நகரில் ஒரு கடையில் கிடைத்தது. அதை இடுக்கின் நடுவில் நிறுத்த அம்மம்மாவின் பழைய எக்ஸ்ரே படத்தைக் கீலமாக வெட்டி, காந்தத்தின் நடுக்கம்பத்துக்கும் கொயிலுக்கும் இடையில் சுற்றி வைத்தேன். உடனே எபொக்சி போடவில்லை. சூப்பர் குளுவில் நான்கு பொட்டு மட்டும் வைத்து, கீலத்தை உருவிவிட்டு, கைபேசியிலிருந்து 30 ஹேர்ட்ஸ் தொனியைச் சின்ன அம்பிளிபயர் வழியாகக் கொடுத்தேன். 'சர்ர்' என்று உரசல். கீலம் ஓரடுக்கில் தளர்வாக இருந்திருக்கிறது, கொயில் சாய்ந்துவிட்டது. அசிற்றோனால் பொட்டுகளைக் கரைத்து, கீலத்துக்கு மேல் ஒரு மெல்லிய தாள் சுற்றி, மறுபடி வைத்தேன். இந்தத் தடவை கோன் சத்தமே இல்லாமல் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. நான் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். அமெரிக்கப் பொறியாளர்கள் ரைசும் கெலொக்கும் 1925 இல் காட்டிய அமைப்பு, ஒரு காந்தம், ஒரு கொயில், ஒரு கோன், இன்னமும் அதேதான். பிறகு எபொக்சி பூசி 24 மணி நேரம் தொடாமல் விட்டேன்.

இவ்வளவும் செய்துவிட்டு அன்றே மாமாவின் பழைய அம்பிளிபயரில் கொழுவியிருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும். ஸ்பீக்கர் இல்லாமல் அதன் வெளியீட்டை மீற்றரில் பார்த்தேன். நல்ல பெட்டிக்குப் போகும் சனலில் 20 மில்லிவோல்ற். செத்த சனலில் 35 வோல்ற் நேர்மின் (DC). உள்ளே பவர் டிரான்சிஸ்டர் ஒன்று குறுக்குச்சுற்றாகிப் போய், சப்ளை முழுவதும் நேராகக் கொயிலுக்கு வந்திருக்கிறது. 6 ஓமில் 35 வோல்ற் என்றால் ஏறத்தாழ 200 வாட், அத்தனையும் சூடு. பாட்டு ஓடும்போது கோன் ஆடுவதால் கொயிலுக்குக் கொஞ்சம் காற்றுப் படும். இங்கே கோன் ஒரே பக்கம் தள்ளி நின்றபடி வெந்திருக்கிறது. பியூஸ் ஏன் காப்பாற்றவில்லை என்று பார்த்தால், அந்த இடத்தில் யாரோ எப்போதோ முறுக்கிய செப்புக் கம்பி. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. சி5200, ஏ1943 என்ற டிரான்சிஸ்டர் சோடியை மாற்றினேன், சரியான பியூசைப் போட்டேன். இன்னும் குறுக்குச்சுற்று இருந்தால் தெரியட்டும் என்று 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். பல்பு ஒரு கணம் மின்னி மங்கியது. வெளியீடு 15 மில்லிவோல்ற்.

9 வோல்ற் பற்றரியின் நேர்முனையைச் சிவப்பு முனையில் தொட்டதும் கோன் வெளியே வந்தது, திசை சரி. தொப்பியை ஒட்டி, கொயிலை அளந்தேன்: 6.1 ஓம்.

போன ஞாயிறு மாமா வந்தார். சடங்கில் பதிந்த உடுக்குச் சத்தத்தைப் போட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். ஸ்பீக்கர் பாதுகாப்புப் போர்ட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், நேர்மின் வந்தால் ரிலே இணைப்பைத் துண்டித்துவிடும். அடுத்த கோயில் வேலைக்கு முன் இரண்டு சனலுக்கும் அதைப் பூட்ட வேண்டும்.