என் பெயரில் இன்னொருவன்: போலிக் கணக்கை நீக்க ஆன 11 நாட்கள்

காலை ஆறு மணிக்கு நண்பன் போன் செய்தான். "டேய், நீ எதுக்குடா என்னைப் போய் 'வணக்கம் சார், நலமா'ன்னு கேக்குற?" அப்படித்தான் சமூக வலைதளத்தில் என் பெயரில் யாரோ ஒருவன் போலிக் கணக்கு தொடங்கியிருப்பது தெரிந்தது. என் படம், என் பெயர், என்னைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த இரண்டு வரிகள், எல்லாம் அப்படியே இருந்தன. பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி மட்டும் கூடுதல். என் கணக்கிலிருந்து தேடினால் எதுவும் வரவில்லை, ஏனென்றால் முதல் வேலையாக என்னை பிளாக் செய்திருந்தான். நண்பனின் போனில்தான் பார்த்தேன்.

பதற்றத்தில் நான் செய்த முதல் காரியமே தப்பு. ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டு, "எல்லோரும் ரிப்போர்ட் செய்யுங்கள்" என்று பதிவிட்டேன். நாற்பது பேருக்கு மேல் செய்தார்கள். பெரும்பாலோர் 'போலிக் கணக்கு' என்பதைத் தேர்ந்தெடுத்தார்கள், "விதிமீறல் எதுவும் இல்லை" என்று பதில் வந்தது. தேர்ந்தெடுக்க வேண்டியது 'வேறொருவராக நடிக்கிறார்' என்பதை. அதற்குள் யாராக நடிக்கிறார் என்று கேட்கும் இடத்தில் அசல் கணக்கையும் காட்ட வேண்டும். அப்போதுதான் இரண்டையும் ஒப்பிட முடியும். ஆள் சேர்த்தால் தானாகப் போய்விடும் என்று நம்பாதீர்கள்.

பெரிய அடி மறுநாள் விழுந்தது. என் பதிவு அவன் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும். பெயரையும் படத்தையும் மாற்றிவிட்டான். என் ஸ்கிரீன்ஷாட்டில் பெயரும் படமும்தான் இருந்தன, லிங்க் இல்லை. பணம் கேட்டு வந்த உரையாடலை நண்பன் அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். அதன் வழியாகப் போனால் அதே கணக்கு, வேறு முகம். பெயரை எத்தனை முறை மாற்றினாலும், தளம் அந்தக் கணக்குக்குக் கொடுத்த உள் எண் மாறாது. ஆகவே ஊரைக் கூட்டுவதற்கு முன் லிங்க்கை நகலெடுங்கள். தேதி, நேரம், முகவரி மூன்றும் தெரியும்படி பக்கத்தைப் படம் பிடியுங்கள். பணம் கேட்ட செய்தியை அழிக்க வேண்டாம் என்று நண்பர்களிடம் சொல்லுங்கள்.

அடுத்து, அசல் ஆள் நான்தான் என்று தளத்துக்குக் காட்ட அடையாள அட்டையின் படம். இரண்டு முறை நிராகரித்தார்கள். முதல் முறை அட்டையின் ஒரு மூலை படத்தில் வெட்டுப்பட்டிருந்தது. இரண்டாவது முறை, பயத்தில் பிறந்த தேதியையும் சேர்த்து மறைத்துவிட்டேன். பெயர், படம், பிறந்த தேதி தெரிந்தால் போதும், அட்டை எண்ணையும் முகவரியையும் மறைக்கலாம் என்று உதவிப் பக்கத்தில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டார்கள்.

இதற்கிடையில் என் பழைய டீச்சர் அந்தப் போலிக்குப் பணம் அனுப்பியிருந்தது தெரியவந்தது. "ஆஸ்பத்திரியில இருக்கேன்னு நீ எழுதினதும் வேற எதுவும் யோசிக்கலைப்பா" என்றார். நானே திருப்பிக் கொடுப்பேன் என்று இரண்டு நாள் காத்திருந்திருக்கிறார். அந்த இரண்டு நாளில் பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறிவிட்டது. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அனுப்பிவிட்டால், மற்றதெல்லாம் அப்புறம். அந்த நிமிடமே வங்கிக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

காவல் நிலையத்துக்கு மூன்று நடை. முதல் நாள், "உங்க பணம் போகலையே, போனவங்களை வரச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். என் முகத்தை வைத்துத்தான் ஏமாற்றினான் என்று சொல்லிப் பார்த்தேன், மேசையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த நாள் டீச்சரையும் அழைத்துப் போனேன். பரிவர்த்தனை எண் கேட்டார்கள், எங்களிடம் இல்லை. முட்டி வலியோடு படியேறி வந்தவரைத் திருப்பி அழைத்து வந்தது இன்னும் உறுத்துகிறது. மூன்றாவது நாள் வங்கி விவரம், லிங்க், உரையாடல் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொடுத்தோம். ரசீது கேட்டு வாங்கினேன். கேட்டால்தான் தருகிறார்கள்.

11ஆம் நாள் கணக்கு நீக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அன்றே நண்பர்கள் பட்டியலை யாரும் பார்க்க முடியாதபடி மறைத்தேன், யாரைக் குறிவைப்பது என்று அவன் தெரிந்துகொண்டது அங்கிருந்துதான். அடுத்த வாரம் இன்னொரு போலி முளைத்தது. இந்த முறை லிங்க்கும் அடையாள அட்டையின் படமும் தயாராக இருந்தன, ஒரே நாளில் போய்விட்டது.

டீச்சரின் புகார் மட்டும் இன்னும் அப்படியே கிடக்கிறது. வாராவாரம் ரசீதோடு நான் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். அவரை அந்தப் படிகளில் மறுபடி ஏறவிடுவதாக இல்லை.