கலைந்த கனவாம், ஏறிப் போக உதவும் (4)

தலைப்பில் இருப்பது ஒரு குறுக்கெழுத்துக் குறிப்பு; அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. படித்ததும் மனம் கனவு, ஏமாற்றம், ஏணி என்று ஓடினால் குறிப்பு எழுதியவர் ஜெயித்துவிட்டார் என்று பொருள். கிரிப்டிக் வகைக் குறிப்பை, அதாவது விடைக்கான வழியைச் சொற்களுக்குள் ஒளித்து வைக்கும் குறிப்பை, வாக்கியமாகப் படிக்கக் கூடாது, துண்டு துண்டாக வெட்டிப் படிக்க வேண்டும்.

வெட்டும் இடம் எப்போதும் ஒன்றுதான். குறிப்பின் ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள் இருக்கும்; மீதி முழுக்க அந்த விடையை எழுத்து எழுத்தாகச் செய்யும் வழி. நேர்ப்பொருள் முதலில் வரலாம், கடைசியில் வரலாம், நடுவில் வராது. இங்கே "ஏறிப் போக உதவும்" என்பது நேர்ப்பொருள். "கனவாம்" என்பது சரக்கு. "கலைந்த" என்பது ஏவல் சொல். அந்தச் சரக்கைக் கலைத்துப் போடு என்கிறது. க, ன, வா, ம் ஆகிய நான்கு எழுத்தையும் மாற்றி அடுக்க வேண்டும்.

நான்கு எழுத்தை 24 விதமாக அடுக்கலாம். அத்தனையும் எழுதிப் பார்ப்பவர்கள்தான் அரைமணி நேரத்தில் சலித்துப் போகிறார்கள். ம் மெய்யெழுத்து, சொல்லின் முதலில் வராது. அதற்குப் பின்னால் க-வும் ன-வும் ஒட்டாது. ஆகவே அதைக் கடைசிக் கட்டத்தில் போட்டுவிடலாம். ன-வில் தொடங்கும் தமிழ்ச் சொல் கிடையாது. மிஞ்சுவது நான்கே அடுக்கு: கனவாம், கவானம், வாகனம், வானகம். முதலாவது குறிப்பிலேயே இருக்கிறது, இரண்டாவது சொல்லே இல்லை.

வாகனமா, வானகமா? "ஏறிப் போக உதவும்" என்றால் வாகனம். "ஏறிப் போகும் இடம்" என்று எழுதியிருந்தால் வானகம். அவசரத்தில் படித்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். இப்போது கட்டத்தைப் பாருங்கள். இரண்டாவது கட்டத்தின் மூலையில் எண் போட்டிருந்து, அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு சொல் தொடங்கினால் அந்த இடத்தில் ன வர வழியே இல்லை. கீழ்ச் சொல்லின் குறிப்பைப் படிக்காமலே வாகனம் உறுதியாகிவிடும். அந்தக் கீழ்ச் சொல்லுக்குக் குறிப்பு "உலக விதைகளுள் ஒளிந்திருக்கும் பாட்டு (3)" என்று இருந்தால் இன்னும் சௌகரியம்: உல'க விதை'களுள் இருப்பது கவிதை.

தமிழ்க் குறுக்கெழுத்துக்குச் சொல்வளத்தைவிட எழுத்திலக்கணம் அதிகம் உதவும். ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு 26 வாய்ப்பு. தமிழில் 247 எழுத்து. பயமுறுத்தும் எண்தான். ஆனால் எந்த எழுத்து எங்கே வரும், எதன் பக்கத்தில் வரும் என்ற கட்டுப்பாடு தமிழில் மிகக் கறார். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த மொழிமுதல் எழுத்து, மெய்ம்மயக்கம் எல்லாம் இங்கேதான் சம்பாதித்துக் கொடுக்கும்.

எண் போட்ட கட்டம் எதிலும் மெய்யெழுத்து வராது. ண, ழ, ள, ற, ன ஐந்தின் வரிசையும் வராது. ட, ர, ல மூன்றும் பழைய விதிப்படி வரக்கூடாது, ஆனால் டீ, ரவை, லட்டு என்று கடன்சொல்லாக நுழைந்துவிடும். ங் கிடைத்தால் அடுத்தது க வரிசை என்று கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ந்-க்குப் பின் பெரும்பாலும் த வரிசை, ஞ்-க்குப் பின் ச வரிசை. செந்நீர், விஞ்ஞானம் போன்றவை விலக்கு. க், ச், த், ப் நான்கும் தன் இனத்தையே தேடும், சக்தி, சப்தம் மாதிரியான வடசொல் தவிர. ட் வந்தால் பின்னால் ட மட்டுமல்ல, வெட்கம், காட்சி, நட்பு போல க, ச, ப வரிசையும் வரலாம் என்பதை மறந்து பலர் மாட்டிக்கொள்வார்கள். ர், ழ் இரண்டும் இரட்டிக்காது.

கடைசிக் கட்டத்தில் ம் கிடைத்ததற்காகச் சந்தோஷப்படாதீர்கள். தமிழில் பாதிப் பெயர்ச்சொல் அங்கேதான் முடிகிறது என்று தோன்றும், அது கொடுக்கும் துப்பு மிகக் குறைவு. நடுவில் ஒரு ழை, ஒரு ஞ் கிடைத்தால் அதுதான் பிடி.

எண்ணிக்கையில் இடறுவது புதியவர்களின் முதல் தவறு. கொ, கோ, கௌ ஒவ்வொன்றும் ஒரே கட்டம். மெய்யெழுத்துக்குத் தனிக் கட்டம். பௌர்ணமி நான்கெழுத்து. கணினியை நம்பி எண்ணினால் வேறு கணக்கு வரும், ஏனென்றால் யூனிகோடில் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு. நான்கு கட்டத்துக் "கடிதம்" அங்கே ஆறு.

அந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். "நாயிடம் வாங்கியதும் நண்பனோடு அடித்ததும் தபாலில் வந்தது (4)." நாயிடம் வாங்கியது கடி. நண்பனோடு அடித்தது தம். இரண்டையும் ஒட்டினால் தபாலில் வருவது. இப்படித் துண்டுகளை ஒட்டும் வகையே எண்ணிக்கையில் அதிகம், அதனால் இதில்தான் அதிகப் பயிற்சி வேண்டும். ஒன்றும் புதிதல்ல. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் வினாவுத்தரம் இதே வேலைதான்: பூமகள் யார், போகிறவனை ஏவுகிறவன் என்ன சொல்வான், கணைக்குப் பெயர் என்ன, அழகுக்குப் பெயர் என்ன என்று கேட்டு, திரு, ஏகு, அம்பு, அம் என்று விடை சேர்த்தால் சிவன் உறையும் திருவேகம்பம் வந்து நிற்கும்.

ஒன்றை இன்னொன்றின் வயிற்றுக்குள் வைப்பது அடுத்த வகை. "பாடைக்குள் வரச் சொல், சிறுமி உடுத்துவது (3)." வரச் சொல்லும் சொல் "வா". பாடைக்கு நடுவில் அதை வைத்தால் பாவாடை. விழுங்கிய, சூழ்ந்த, நடுவே, இடையே, வயிற்றில் என்ற சொற்கள் வந்தால் இந்த வகையைச் சந்தேகிக்கலாம். எழுத்தைக் கழிக்கும் வகைக்குத் தலையிழந்த, வாலறுந்த, முடிவில்லாத, இடையொடிந்த என்றெல்லாம் வரும். "சமையலில் முதல் போனால் மிஞ்சுவது காதல் (3)" என்பதில் "முதல்" போட்ட பணமல்ல, முதலெழுத்து. ச போனால் மையல். திருப்பிப் போடும் வகையில் சிவா திரும்பினால் வாசி. தமிழில் இப்படித் திரும்பும் சோடிகள் குறைவு என்பதால், திரும்பி, புரண்டு என்ற சொல் கண்ணில் பட்டால் சரக்கு பெரும்பாலும் இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் இருக்காது.

சிலேடைக் குறிப்பில் செய்முறையே கிடையாது. முழு வாக்கியமும் இரண்டு வழியில் ஒரே விடைக்குப் போகும். "ஞாயிறு மறைந்தபின் வருவது (4)" என்பதற்கு "இருட்டு" என்று எழுதி நிரப்பிவிட்டு, மூன்று குறுக்குச் சொற்கள் ஏன் பொருந்தவில்லை என்று முழிப்பவர்கள் நிறைய. இருட்டுக்கு நான்கெழுத்துதான், சூரியன் மறைந்தால் வருவதும் அதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் இருட்டு வராது. இரண்டு பக்கமும் நிற்பது திங்கள். படி, அடி, பார், ஆடு, ஓடு, நகை, கட்டு, அணி, தை போன்ற பெயரும் வினையுமாக வேடம் மாற்றும் சொற்களை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். "ஓடு" கூரையிலும் கிடக்கும், தெருவிலும் ஓடும், மூன்றாம் வேற்றுமை உருபாகவும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

கடினமான புதிரில் பெரிய ஆயுதம் ஓரெழுத்து ஒருமொழி. நன்னூல் 42 என்று கணக்குச் சொல்கிறது. பசு என்றால் ஆ, அரசன் கோ, சோலை கா, நாக்கு நா, குதிரையோ மாமரமோ மா, அம்பு ஏ, பாட்டு பா, பூவுக்கு வீ, வைக்கோலுக்கு வை. இவற்றில் இருபது சொல்லாவது சட்டென்று நினைவுக்கு வராவிட்டால் கடினப் புதிரில் கை வைப்பது வீண். கூடவே ச ரி க ம ப த நி. கூடவே தமிழ் எண்கள்: ஒன்று க, இரண்டு உ, ஏழு எ, எட்டு அ, கால் வ. ஔவையார் பெயரில் வழங்கும் "எட்டேகால் லட்சணமே" என்ற வசவு தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. எட்டும் காலும் சேர்ந்தால் "அவ". அதை வைத்து ஒரு குறிப்பு: "எட்டேகால் மனைவி! பெருமாள் பத்து எடுத்தார் (5)." மனைவி தாரம். அவதாரம். இதில் "பத்து" என்பதும் எண்தான், அதை ய ஆக்கி எங்காவது செருகப் பார்த்தால் நாள் போய்விடும். அது நேர்ப்பொருளைச் சேர்ந்தது. எந்தச் சொல் எந்தப் பாதியைச் சேர்ந்தது என்று கோடு போடாமல் எழுத்து வேலையில் இறங்கக் கூடாது என்பது இதற்காகத்தான்.

ஆங்கிலப் புதிர் பழகியவர்கள் தமிழில் தடுக்கி விழும் இடம் இரண்டு. ஒன்று வேற்றுமை உருபு. "சமையலில்" என்று குறிப்பில் இருந்தாலும் சரக்கு "சமையல்" மட்டுமே, இல் என்பதை உரித்துவிட வேண்டும். மரத்தை, மரத்தில் என்று இருந்தால் உள்ளே இருப்பது மரம். இரண்டாவது சந்தி. பூவும் கடையும் சேர்ந்தால் மூன்று கட்டம் அல்ல, நான்கு: பூக்கடை. அந்த க் குறிப்பில் எங்கேயும் இருக்காது, கட்ட எண்ணிக்கைதான் காட்டிக்கொடுக்கும். கூட்டிப் பார்த்து ஒரு எழுத்து குறைந்தால் முதலில் சந்தியைச் சந்தேகியுங்கள், பிறகு குறிப்பு எழுதியவரை.

முதல் சுற்றில் ஒரு குறிப்புக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் தராதீர்கள். வரிசைப்படியும் போக வேண்டாம். ஒளிந்திருப்பவையும் எழுத்து கலைப்பவையும் கண்ணுக்கு முதலில் படும், சரக்கு முழுக்கக் குறிப்பிலேயே கிடக்கும். அவற்றை முடித்தபின், அவை வெட்டும் சொற்களுக்கு மட்டும் போங்கள். ஒரு மூலையை நிரப்பி அங்கிருந்து பரவுவது, கட்டம் முழுக்கச் சிதறலாக நிரப்புவதைவிட வேகம். பென்சில்தான். செய்முறையும் நேர்ப்பொருளும் இரண்டும் ஒத்துப்போன விடையை அழுத்தி எழுதுங்கள், ஒன்று மட்டும் ஒத்தால் லேசாக எழுதி ஓரத்தில் கேள்விக்குறி போடுங்கள். பின்னால் ஒரு மூலை நகராமல் நின்றால் கேள்விக்குறி போட்டதைத்தான் முதலில் அழிக்க வேண்டும்.

கடைசி இரண்டு மூன்று குறிப்புகள் மசியாது. அப்போது நேர்ப்பொருள் முன்னால் என்று நினைத்ததைப் பின்னால் என்று மாற்றிப் படியுங்கள். வினைச்சொல் என்று எடுத்ததைப் பெயராக்குங்கள். அகராதியை இந்தக் கட்டத்துக்கு முன் திறந்தால் பழக்கமே வராது. திறந்தால் விடையைத் தேடாமல், குறிப்பில் உள்ள சாதாரணச் சொல்லுக்கு வேறென்ன பொருள் உண்டு என்று பாருங்கள். தமிழ் லெக்சிகனில் "மா" என்ற பதிவு எவ்வளவு நீளம் என்று பார்த்தவர்கள் அதற்குப் பிறகு எந்தச் சின்னச் சொல்லையும் சும்மா விடமாட்டார்கள்.

விடை வெளியானதும் தெரியாமல் போன குறிப்புகளை மட்டும் எடுத்து, பின்னாலிருந்து பிரித்து எழுதுங்கள்: எது பொருள், எது சரக்கு, எது ஏவல். வாரம் ஒரு சொல்லுக்கு நீங்களே மூன்று வகையில் குறிப்பு எழுதிப் பார்ப்பதும் இதே அளவு உதவும். "குதிரை"யில் தொடங்கலாம், தலையை எடுத்தால் கடலில் எழும்.