140 நாள், 21 ஓட்டு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில செனட்டர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை பார்த்தபோது என் மேசைக்கு வந்த முதல் நியமனக் கோப்பு, மாநில லாட்டரி ஆணையத்துக்கு ஆளுநர் நியமித்த ஒரு பெண்மணியுடையது. எங்கள் தொகுதிக்காரர். சட்டமன்றம் கூடாத சமயத்தில் நியமனம் நடந்ததால் ஏற்கெனவே பதவியேற்று ஆணையக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்புறம் செனட்டின், அதாவது மாநிலச் சட்டமன்ற மேலவையின், ஒப்புதல் வெறும் சடங்குதானே என்றுதான் நினைத்தேன்.

அரசியல் சட்டத்தைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான், அதிலும் 140 நாள்தான். அதற்குள் வந்திருக்கும் செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஆதரிக்க வேண்டும். 31 பேரும் இருந்தால் 21 ஓட்டு. செனட் ஒன்றும் சொல்லாமல் தொடரை முடித்தால் அதுவே நிராகரிப்பு. மௌனம் சம்மதம் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

கோப்பில் ஒரு தாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இந்தப் பதவிக்காக யாருக்கும் பணமோ வேறெதுவுமோ கொடுக்கவில்லை, கொடுப்பதாகச் சொல்லவும் இல்லை என்ற உறுதிமொழி. அதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பதவிப் பிரமாணமே. அழுத்திப் போட்டிருந்தார், தாளின் பின்பக்கம் விரலால் தடவினால் பேனா ஓடிய தடம் தெரிந்தது.

வேறொரு படிவம் வரவேண்டிய இடத்திலிருந்து வரவில்லை. அதனால் நியமனங்களை ஆராயும் செனட் கமிட்டியின் விசாரணைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தினமும் போன் போட்டேன். "அனுப்பிவிட்டோம்" என்றே பதில் வந்தது. மார்ச் முடியும்போது நானே நேரில் போய் வாங்கிவந்தேன்.

விசாரணைக்கு முன் அவரைச் சந்தித்தபோது, தன் மகன் வெள்ளிக்கிழமைதோறும் பெட்ரோல் பங்கில் சுரண்டிப் பார்க்கும் லாட்டரி டிக்கெட் வாங்கும் பழக்கமுள்ளவன் என்றார். ஆணைய உறுப்பினரும், அவரோடு ஒரே வீட்டில் வசிக்கும் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்களும் டெக்சாஸ் லாட்டரி வாங்கக் கூடாது. "பதவியேற்ற அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டேன்" என்றார். எனக்கு நிம்மதி.

கமிட்டியில் எங்கள் செனட்டரே அவரை அறிமுகப்படுத்தினார். சொந்தத் தொகுதி செனட்டர் வேண்டாம் என்றால் மற்றவர்களும் கைவிடுவதுதான் அங்கே மரபு, எனவே இது சின்ன விஷயமில்லை. ஓர் உறுப்பினர் கேட்டார்: ஏழைகள் இருக்கும் பகுதிகளில் டிக்கெட் விற்பனை பற்றி என்ன செய்வீர்கள்? நான் எழுதிக்கொடுத்த குறிப்பை அந்தப் பெண்மணி மூடி வைத்தார். பகுதிவாரி விற்பனைக் கணக்கை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பேன், இன்று இதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை என்றார். என் குறிப்பில் அவ்வளவு நேர்மையான வரி இல்லை. 1997 முதல் லாட்டரி வருமானம் அங்கே பள்ளிகளுக்குப் போகிறது, அதைக் கவனிக்கப் போகிறவரைப் பொதுவில் உட்கார வைத்துக் கேட்கத்தான் வேண்டும்.

ஓட்டெடுப்பு சில நிமிடம்தான். மாடத்தில் உட்கார்ந்து தாளில் கோடு போட்டு எண்ணினேன். 21-ஐத் தாண்டியதும் கோடு போடுவதை நிறுத்திவிட்டு அவருக்குப் போன் செய்தேன்.

அந்த ஆணையம் 2025 செப்டம்பர் 1 அன்று ஒழிக்கப்பட்டு, லாட்டரி மாநில உரிமம் மற்றும் ஒழுங்குமுறைத் துறைக்குப் போய்விட்டது. அதன் ஆணையர்களுக்கும் செனட் ஒப்புதல் வேண்டும். அந்தக் கோப்பு யார் மேசைக்கு வந்தாலும், கூட்டத்தொடர் தொடங்கும் ஜனவரியிலேயே தாள்களை எண்ணிவிடுங்கள்.