லக்னாதோனிலிருந்து போன்

2022 டிசம்பர் கடைசியில் டெல்லி வீட்டைக் காலி செய்துகொண்டு நானும் அம்மாவும் நாமக்கல் கிளம்பினோம். எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருந்தது. என் டீசல் ஸ்விஃப்ட்டுக்கு ஜனவரியோடு பத்து வயது முடிகிறது. டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிட்டு விமானத்தில் வா என்றார்கள் எல்லோரும். அம்மா மட்டும்தான், "ஓட்டிக்கிட்டே வந்துரலாம் கண்ணு, நானும் கூட வர்றேன்" என்றாள். சொன்னபடி ரயிலேறி வந்தும்விட்டாள். அறுபத்து மூன்று வயது. அதற்கு முன்னால் வடக்கே அவள் பார்த்த ஊர் திருப்பதி மட்டும்தான்.

எதற்காக வந்தாள் என்று எனக்குத் தெரியும். அப்பா லாரி ஓட்டியவர். சேலத்து ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். திரும்பும்போது கிடைத்த லோடு, சீசனாக இருந்தால் நாக்பூர் ஆரஞ்சு. 2016-ல் அவர் போய்விட்டார். அவர் ஓடிய ரோட்டை அம்மா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஆனால் ஊர்ப் பெயரெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஜான்சி, சாகர், லக்னாதோன், சிவனி, நாக்பூர், ஆதிலாபாத், நிர்மல். வெண்டைக்காய் அரியும்போதுகூட இந்த வரிசையை முணுமுணுப்பாள், இப்போது வண்டி எங்கே வந்திருக்கும் என்று கணக்குப் போட்டபடி. எங்கள் வீட்டில் போன் கிடையாது. எதிர்வீட்டுப் பெரியம்மா வீட்டு நம்பர்தான் எங்களுக்கு பி.பி. நம்பர். அப்பா ஒவ்வொரு நடையிலும் தவறாமல் ஒரே ஒரு ஊரிலிருந்து மட்டும் எஸ்.டி.டி. பூத்தில் போன் போடுவார். பெரியம்மா வாசலில் நின்று, "லக்னாதோன்!" என்று குரல் கொடுப்பார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள். லக்னாதோன் என்றால் அஞ்சாம் நாள் வீடு.

ஏன் மத்தியப் பிரதேசத்திலுள்ள அந்த ஊர் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. இந்தப் பயணத்துக்காகப் பழைய வரைபடத்தை விரித்தபோதுதான் பிடிபட்டது. ஜான்சியிலிருந்து சாகர் வழியாக வரும் ரோடு அப்போது 26-ஆம் நம்பர். லக்னாதோனில் அது முடிந்து, வாரணாசியிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் 7-ஆம் நம்பரில் சேரும். அந்த ஏழுதான் எங்கள் நாமக்கல் வழியாகப் போகிற ரோடு. அதில் ஏறிவிட்டால் வேறு ரோடு மாற வேண்டியதில்லை, நேராக வீடுதான். இப்போது எல்லாம் ஒன்றாகி ஸ்ரீநகரிலிருந்து குமரிவரை 44 ஆகிவிட்டது. அம்மாவுக்கு இன்னும் அது ஏழாம் நம்பர்தான்.

சாமான் ஏற்றியது அம்மா. நான் அடுக்கியிருந்ததையெல்லாம் இறக்கச் சொன்னாள். "கனமெல்லாம் அடியில, சீட்டோட ஒட்டி. சந்து விட்டீன்னா பிரேக் போடறப்ப நகரும்." கிரைண்டர் கல்லைப் போர்வையில் சுற்றிப் பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே தரையில் உட்காரவைத்தாள். புத்தகப் பெட்டிகளுக்கு இடையில் இருந்த சந்துகளில் தலையணையையும் என் ஸ்வெட்டர்களையும் குத்திக் குத்தித் திணித்தாள். முடித்ததும் ஒவ்வொரு பெட்டியையும் உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. ஆர்.சி., இன்சூரன்ஸ், ஆர்.டி.ஓ. கொடுத்த என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) மூன்றையும் மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அப்பாவும் பேப்பர்களை இப்படித்தான் வைத்திருப்பார், தலைமாட்டில்.

முதல் நாள் முழுக்கப் பனிமூட்டம். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போனேன். தோல்பூர் தாண்டிச் சம்பல் பாலத்தில் மட்டும் கொஞ்சம் வெயில் வந்தது. ராத்திரி ஜான்சியில் தங்கினோம்.

இரண்டாம் நாள் காலையிலிருந்து அம்மா பேசவே இல்லை. சாகர் தாண்டி, பர்மான் பக்கத்தில் நர்மதைப் பாலம் வந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள், அவ்வளவுதான். மதியம் மூணு மணிக்கு லக்னாதோன் பலகை வந்தது. நாற்கரச் சாலையை விட்டு ஊருக்குள் திரும்பினேன். ஒரு டீக்கடை ஓரம் நான்கு லாரி நின்றது. ஒன்றின் பின்பக்கம் தமிழில் எழுதியிருந்தது. அம்மா இறங்கிப் போய் அந்த எழுத்தை விரலால் தொட்டாள்.

டீ வந்தது. அவள் குடிக்கவில்லை. "இங்க பூத்து எங்க இருந்திருக்கும்?" என்று கேட்டாள். கடைக்காரரிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். எதிரே செல்போன் ரீசார்ஜ் செய்யும் கடையைக் காட்டி, முன்னால் அதுதான் எஸ்.டி.டி. பூத் என்றார். அப்பா பேசியது அதில்தானா, தெரியாது. அம்மா அதன் படியில் போய் உட்கார்ந்து, என் போனை வாங்கிப் பெரியம்மாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் லக்னாதோன்ல இருந்து பேசறேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பெரியம்மா குரல் ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. "அப்ப அஞ்சாம் நாள் பாக்கலாம்."

"இல்லீங்கக்கா. இப்ப ரோடு நல்லாருக்குது. மூணு நாள்தான்."

அதற்குப் பிறகுதான் டீயைக் கேட்டாள். ஆறிப்போயிருந்தது. வேறு ஒன்று போடச் சொன்னேன்.

சிவனி தாண்டினால் பெஞ்ச் காடு. அங்கே ரோட்டைத் தூக்கிக் கட்டி, புலியும் மானும் கடக்க அடியில் வழி விட்டிருக்கிறார்கள். அப்பா காலத்தில் அது குண்டும் குழியுமான ஒற்றை ரோடு. "கல்லு கிடந்தாக்கூட ராத்திரில இறங்க மாட்டேன்னு சொல்லுவாரு" என்றாள் அம்மா. பேச ஆரம்பித்தவள் நாக்பூர் வரும்வரை நிறுத்தவில்லை. செக்போஸ்ட்டில் ரெண்டு நாள் காத்துக்கிடந்தது, தார்ப்பாய் கிழிந்து ஜவ்வரிசி நனைந்து வாடகையில் பிடித்துக்கொண்டது, அந்த மாதம் என் ஸ்கூல் பீசுக்குத் தோட்டை அடகு வைத்தது. கடைசியாகச் சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாக்பூரில் காலை டிபன் சாபுதானா கிச்சடி, அதாவது ஜவ்வரிசிக் கிச்சடி. அம்மா ஒரு வாய் மென்றுவிட்டு, "இது நம்ம சேலத்துச் சரக்காத்தான் இருக்கும்" என்றாள். கிளம்பும் வழியில் இரண்டு பெட்டி ஆரஞ்சு வாங்கினாள். வண்டியில் இடமில்லை. ஒன்றைக் காலடியில் வைத்து, அதன்மேல் கால் வைத்தபடியே உட்கார்ந்து வந்தாள்.

கால் வீங்கியதால் அன்றைக்கு நிர்மலிலேயே நிறுத்திவிட்டோம். அடுத்த நாள் கோதாவரி, கிருஷ்ணா, கர்நூலில் துங்கபத்ரா எல்லாம் கடந்து அனந்தபூர். ஓசூர் வந்ததும் தமிழ்ப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள்.

லக்னாதோனிலிருந்து மூணாம் நாள் சாயங்காலம் ஆறரைக்கு எங்கள் தெருவுக்குள் நுழைந்தோம். பெரியம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா வீட்டுச் சாவியைக்கூட எடுக்கவில்லை. முதலில் ஆரஞ்சுப் பெட்டியைத்தான் பிரித்தாள், அப்பா செய்கிற மாதிரியே, வீட்டுக்கு ஒரு டஜன் என்று எண்ணி.

பெரியம்மா ஒன்றை உரித்துக்கொண்டே கேட்டார்: "லக்னாதோன் எப்படி இருந்துச்சு? பெரிய ஊரா?"

"சின்ன ஊருதாங்கக்கா. டீ நல்லாருந்துச்சு."